பாதி வாசித்த ஆன்செல்ம்: இடைக்காலச் சிலுவை இறையியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுவயதில் பெரிய வெள்ளி ஆராதனையில் ஒரு கதை கேட்டேன். ஆற்றின் மேல் ஒரு ரயில் பாலம். கப்பல் போகும்போது அதைத் தூக்கி, ரயில் வரும்போது இறக்குவார்கள். அதை இயக்குகிறவரின் சின்ன மகன் விளையாடப் போய்ப் பல்சக்கரங்களுக்கு நடுவே விழுந்துவிடுகிறான். தூரத்தில் ரயில் வருகிறது. பாலத்தை இறக்கினால் மகன் நசுங்குவான், இறக்காவிட்டால் நூற்றுக்கணக்கானவர்கள் ஆற்றில் விழுவார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு நெம்புகோலை இழுக்கிறார். "பிதாவும் இப்படித்தான்" என்று பிரசங்கியார் முடித்தார். பலர் அழுதார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தப் பையனிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது.

கல்லூரிக் காலத்தில் கொஞ்சம் இறையியல் படித்தபோது, இடைக்கால இறையியலாளர்கள் இருவரைப் பற்றி, "இந்தக் கொடூரமான கருத்தைக் கிறிஸ்தவத்துக்குள் கொண்டுவந்தவர் ஆன்செல்ம், அன்பைச் சொன்னவர் அபெலார்ட்" என்று ஒரு சுருக்கம் கிடைத்தது. அதை நம்பினேன், வேதபாட வகுப்பில் நானே சொல்லியும் கொடுத்தேன். பல வருடம் கழித்து ஆன்செல்மின் நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தபோதுதான் என் தவறு புரிந்தது. சிறுவனாக நான் கேட்ட அதே கேள்வி அந்த நூலுக்குள்ளேயே இருக்கிறது, அதற்குப் பதிலும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை நான் செய்தவை.

ஆளை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஆன்செல்ம் 1033இல் ஆல்ப்ஸ் மலையடியில் உள்ள அவோஸ்தாவில் பிறந்தவர். நார்மண்டியில் பெக் என்ற ஊரின் மடத்தில் 1060இல் துறவியாகச் சேர்ந்து, பிறகு அங்கேயே மடாதிபதியானார். 1093இல் இங்கிலாந்தின் காண்டர்பரி பேராயராக்கினார்கள். அரசர் இரண்டாம் வில்லியமோடு ஒத்துப்போகாமல் 1097இல் நாட்டைவிட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு இத்தாலியில், கப்புவா பகுதியில் லிபேரி என்ற மலைக்கிராமத்தில் தங்கியிருந்தபோது முடித்த நூல்தான் 'கூர் தேயுஸ் ஹோமோ'. 'கடவுள் ஏன் மனிதரானார்' என்று அர்த்தம். தனக்கும் போசோ என்ற இளைய துறவிக்கும் நடக்கும் உரையாடலாக அதை எழுதியிருக்கிறார். போசோ தலையாட்டும் சீடர் அல்ல. விசுவாசியல்லாதவர்கள் கேட்பதையெல்லாம் அவர்கள் சார்பில் விடாமல் கேட்பார்.

முன்னுரையிலேயே ஆன்செல்ம் ஒரு வருத்தத்தைச் சொல்கிறார். நூல் முடிவதற்குள் அதன் முதல் பகுதிகளைச் சிலர் அவருக்குத் தெரியாமலே பிரதி எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம், அதனால் நினைத்ததைவிட அவசரமாக முடிக்க வேண்டியதாயிற்றாம். இன்றுவரை அவரைப் பற்றி நடக்கும் தவறுகளுக்கும் பெரும்பாலும் இதே வேர்தான். முதல் புத்தகம் கேள்வியைக் கூர்மையாக்குகிறது, பாவத்தின் பாரத்தை நம் தோளில் ஏற்றுகிறது. இரண்டாம் புத்தகம்தான் பதில் தருகிறது. முதலாவதோடு நிறுத்தினால் பயம் மட்டும்தான் மிஞ்சும்.

பரிகாரத்தையும் தண்டனையையும் ஒன்றாக்குவது

எல்லாக் குழப்பத்துக்கும் தாய் இதுதான் என்பேன். "ஆன்செல்ம் சொன்னதன் சாரம் என்ன?" என்று கேட்டால், "நாம் வாங்க வேண்டிய தண்டனையை இயேசு வாங்கிக்கொண்டார்" என்றுதான் பலரும் சொல்வார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. முதல் புத்தகத்தின் 15ஆம் அதிகாரத்தில் அவர் வைப்பது வேறு. ஒவ்வொரு பாவத்தையும் தொடர்ந்து ஒன்று பரிகாரம் வர வேண்டும், அல்லது தண்டனை வர வேண்டும். 'அல்லது' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடக் கூடாது. பரிகாரம் நடந்துவிட்டால் தண்டனைக்கு அங்கே வேலை இல்லை. கிறிஸ்துவின் மரணத்தை அவர் பரிகாரத்தின் பக்கம் வைக்கிறார், தண்டனையின் பக்கம் அல்ல.

அவர் பயன்படுத்தும் லத்தீன் சொல் 'சதிஸ்ஃபாக்சியோ'. 'போதுமானதைச் செய்தல்' என்று பிரித்துப் பொருள் சொல்லலாம். இந்தச் சொல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் தெளியும். அவர் 33 வருடம் பெக் மடத்தில் வாழ்ந்தவர். அங்கே தினமும் நடைமுறையில் இருந்தது பெனடிக்ட் முனிவரின் ஒழுங்குமுறை. அதன் 46ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். சமையல்கட்டிலோ பண்டகசாலையிலோ தோட்டத்திலோ வேலை செய்யும் ஒரு துறவி எதையாவது உடைத்துவிடுகிறார், அல்லது தொலைத்துவிடுகிறார். யாரும் கண்டுபிடிப்பதற்குள் தானாகவே உடனே மடாதிபதி முன்பும் சகோதரர்கள் முன்பும் வந்து, தவறை ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடுசெய்ய வேண்டும். மறைத்து வைத்து, பிறகு வேறொருவர் மூலமாகத் தெரியவந்தால்தான் கடுமையான திருத்தம் வரும். ஈடுசெய்தல் என்பது தானே எழுந்து வந்து செய்வது. தண்டனை என்பது செய்யாதவர் மேல் வெளியிலிருந்து விழுவது. ஆன்செல்மின் 'அல்லது' இந்தச் சமையல்கட்டுத் தரையில் நின்றுகொண்டுதான் பேசுகிறது.

தமிழில் நமக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கத்தோலிக்க வீடுகளில் பாவசங்கீர்த்தனம் செய்தபின் குருவானவர் கொடுப்பதை 'அபராதம்' என்பார்கள். 'அபராதம் தீர்த்தாயா?' என்று பாட்டிமார் கேட்பார்கள். அது தானே மனமுவந்து செய்யும் பரிகாரம். ஆனால் ஹெல்மெட் போடாமல் போனால் போலீஸ்காரர் போடுவதும் அபராதம்தான். ஒரே சொல்லில் இரண்டும் கலந்துகிடப்பதால், சிலுவையைப் பற்றிப் பேசும்போதும் நம் மனம் சட்டென்று காவல்நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் போய்விடுகிறது.

ஆன்செல்ம் இன்னொன்றும் சொல்கிறார். திருடியதைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் கணக்குச் சரியாகாது. ஒருவருடைய உடம்பைக் காயப்படுத்தியவர், காயம் ஆறும்படி செய்தால் போதாது, அவர் பட்ட வலிக்கும் ஏதாவது செய்ய வேண்டும். குடும்பத்தில் ஒருவரை ஆழமாக நோகடித்துவிட்டு, "அதான் சாரி சொல்லிட்டேனே" என்று நிற்கும் யாருக்கும் இது புரியும்.

சரி, கிறிஸ்து நம் தண்டனையைச் சுமந்தார் என்ற போதனை எங்கிருந்து வந்தது? வேதத்திலேயே அதற்கு இடம் உண்டு. "நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது" என்று ஏசாயா 53 சொல்கிறது. ஆனால் அதை நீதிமன்ற வடிவத்தில், குற்றம், தீர்ப்பு, தண்டனை மாற்றம் என்று ஒழுங்காக அடுக்கி மையத்தில் வைத்தது 16ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதிகள். அவர்களில் முக்கியமானவரான கால்வின் சட்டம் படித்தவர். அந்தப் போதனையை ஏற்பவர்கள் ஏற்கலாம், அதைக் குறைசொல்வது என் நோக்கம் இல்லை. அதை 450 வருடம் பின்னால் தள்ளி ஆன்செல்மின் வாயில் வைப்பதுதான் தவறு.

கடவுளின் மேன்மையை ஒரு பண்ணையாரின் கௌரவமாக நினைப்பது

"ஆன்செல்ம் நிலப்பிரபுக்களின் காலத்து ஆள். கௌரவம் போனால் பழிவாங்கும் பிரபுவைப் போலக் கடவுளைக் கற்பனை செய்துவிட்டார்" என்ற குற்றச்சாட்டு பிரபலமானது. அவர் அந்தச் சமூகத்தில் வாழ்ந்தவர்தான், மேன்மை, கடன் போன்ற சொற்களுக்கு அந்தக் காலத்து வாசனை இருக்கத்தான் செய்யும். ஆனால் அவர் வாதம் அதற்கு நேர் எதிராகப் போகிறது. கடவுளின் மேன்மையோடு எதையும் கூட்டவும் முடியாது, அதிலிருந்து எதையும் குறைக்கவும் முடியாது என்கிறார். நாம் பாவம் செய்வதால் கடவுளுக்கு ஒரு துரும்பும் குறைவதில்லை. கெட்டுப்போவது படைப்பின் ஒழுங்கும் அழகும்தான்.

இதற்கு அவர் காட்டும் இரண்டு காட்சிகள் என் மனதை விட்டுப் போவதில்லை.

ஒன்று, ஒரு பார்வை. நீ கடவுளின் சந்நிதியில் நிற்கிறாய். ஒருவர் "அந்தப் பக்கம் பார்" என்கிறார். கடவுள் "பார்க்காதே" என்கிறார். நீ பார்க்காவிட்டால் உலகமே அழிந்துபோகும் என்று வைத்துக்கொள். பார்க்கலாமா? போசோ திணறுகிறார். யோசித்து யோசித்து, படைப்பு முழுவதையும் காப்பாற்றுவதற்காகக்கூடக் கடவுளின் சித்தத்துக்கு எதிராக அந்த ஒரு பார்வையைப் பார்க்கக் கூடாது என்று ஒப்புக்கொள்கிறார். கண்ணைத் திருப்புவது எவ்வளவு சின்னக் காரியம்! அந்த இடத்தில்தான் ஆன்செல்மின் புகழ்பெற்ற வரி வருகிறது: பாவத்தின் எடை எவ்வளவு என்று நீ இன்னும் நிதானித்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது, ஒரு முத்து. பணக்காரர் ஒருவர் மாசில்லாத, விலையேறப்பெற்ற ஒரு முத்தைக் கையில் வைத்திருக்கிறார். பொறாமைக்காரன் ஒருவன் அதைத் தட்டிச் சேற்றில் விழவைக்கிறான். அவர் அதை எடுத்து, கழுவாமல், சேறும் சகதியுமாகவே தன் பெட்டகத்தில் வைத்துக்கொள்வாரா? பரிகாரம் இல்லாமல் மனிதரைக் கடவுள் அப்படியே உள்ளே அழைத்துக்கொண்டால் அப்படித்தான் இருக்கும் என்கிறார். இந்தப் படத்தில் கோபமான பிரபு எங்கே இருக்கிறார்? முத்தின் அருமை தெரிந்தவர்தான் இருக்கிறார். கழுவ வேண்டும் என்று அவர் நினைப்பதே, தூக்கி எறிய மனம் வராததால்தான்.

அப்புறம் ஒரு விஷயம். இடைக்காலம் முழுவதும் கோபக்காரக் கடவுளைத்தான் கும்பிட்டது என்று நினைக்கிறவர்கள் நோர்விச் ஊரின் ஜூலியனையும் வாசிக்க வேண்டும். 1373 மே மாதம் சாகக்கிடந்தபோது கிடைத்த தரிசனங்களைப் பற்றிப் பல வருடம் தியானித்து எழுதிய பெண்மணி. எஜமான் அனுப்பிய வேலைக்கு ஆசையோடு ஓடும் ஒரு வேலைக்காரன் பள்ளத்தில் விழுந்துவிடுகிறான். அடிபட்டுக் கிடக்கிறான். அவனுடைய பெரிய வேதனை, பக்கத்திலேயே இருக்கும் எஜமானின் முகத்தைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை என்பது. எஜமானோ அவனையே இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வேலைக்காரன் ஆதாமும்தான், கிறிஸ்துவும்தான் என்கிறார் ஜூலியன். ஆதாம் விழுந்த பள்ளத்துக்குள்ளேயே குமாரனும் விழுந்தார்.

பிதா குமாரனைப் பலவந்தமாகச் சாகவைத்தார் என்பது

என் பால்யகால ரயில் பாலம் இங்கேதான் வருகிறது. போசோ வெளிப்படையாகவே கேட்கிறார்: எல்லாரிலும் நீதியுள்ள ஒருவரைப் பாவிக்காகச் சாகக் கொடுப்பது என்ன நீதி? குற்றமில்லாதவரைத் தண்டித்துக் குற்றவாளியை விடுவிக்கும் மனிதர் யாராவது இருந்தால் அவரை நாமே குற்றவாளி என்று சொல்ல மாட்டோமா? நாத்திகர்கள் இன்று கேட்கும் கேள்வியை ஒரு துறவி 1098இலேயே தன் குருவிடம் கேட்டிருக்கிறார். அதை நூலில் எழுதி வைத்தது அந்தக் குருவேதான்.

ஆன்செல்ம் சொல்லும் பதில் இது. பிதா அவரைச் சாகும்படி கட்டாயப்படுத்தவில்லை. குமாரன் தாமாகவே, மனிதரை மீட்பதற்காக மரணத்தை ஏற்றார். பிதா கேட்டது நீதியாக வாழ்வதை. குமாரன் அந்த நீதியை எந்த நிலையிலும் விடவில்லை. விடாததால்தான் கொன்றார்கள். பாவமில்லாதவர் சாகக் கடன்பட்டவர் அல்ல. அதனால்தான் அவருடைய மரணம் காணிக்கை ஆகிறது. பலவந்தமாகப் பிடுங்கியது காணிக்கை ஆகுமா? ஆன்செல்மின் வாதம் முழுவதும் இந்த ஒரு ஆணியில்தான் தொங்குகிறது. குமாரனின் விருப்பத்தை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் நிற்காது.

13ஆம் நூற்றாண்டின் பெரிய இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதையே இன்னும் சுருக்கமாகச் சொல்கிறார். தம் பெரிய இறையியல் தொகுப்பின் மூன்றாம் பகுதியில், பிதா கிறிஸ்துவைப் பாடுகளுக்கு ஒப்புக்கொடுத்தாரா என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறார். குற்றமில்லாத ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாக வேதனைக்கும் சாவுக்கும் கொடுப்பது தீமையும் கொடுமையும்தான் என்று தயங்காமல் ஒத்துக்கொள்கிறார். பிதா அப்படிச் செய்யவில்லை, நமக்காகப் பாடுபடும் விருப்பத்தை அன்பினால் குமாரனுக்குள் ஊட்டினார் என்கிறார்.

ரயில் பாலக் கதையில் மகனுக்கு விருப்பமும் இல்லை, நடப்பது என்னவென்றும் தெரியாது. அது கிறிஸ்தவக் கதையே இல்லை என்று இடைக்காலத்தின் இரண்டு பெரிய ஆசிரியர்களையும் வைத்துக்கொண்டே சொல்லலாம். தயவுசெய்து அதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண் யாரிடமாவது ஆலோசனை கேட்டுப் போகிறாள். "ஆண்டவரே சிலுவையில் பொறுத்துக்கொண்டார், நீயும் பொறுத்துக்கொள்ளம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். இது அபூர்வமாக நடப்பதல்ல. அப்படிச் சொல்கிறவர்கள் சிலுவையை மேற்கோள் காட்டுவதாக நினைக்கிறார்கள். அவள் வாங்கும் அடி அவள் கொடுத்த காணிக்கை அல்ல, அவளிடமிருந்து பிடுங்கப்பட்டது. ஈடுசெய்ய வேண்டிய கடன் அடித்தவன் கணக்கில்தான் இருக்கிறது, வாங்கினவள் கணக்கில் அல்ல. ஆன்செல்மின் சொற்களை ஒழுங்காகப் படித்தவர் யாரும் அவளை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாது.

ஆன்செல்மின் சுபாவமும் இதோடு ஒத்துப்போகிறது. அவரோடு வாழ்ந்த ஈட்மர் எழுதிய வரலாற்றில் ஒரு சம்பவம் வருகிறது. வேறொரு மடத்தின் அதிபர் வந்து, "மடத்தில் வளரும் பையன்களை ராத்திரி பகலாக அடிக்கிறோம், மேலும் மேலும் கெட்டுத்தான் போகிறார்கள்" என்று புலம்புகிறார். "தோட்டத்தில் ஒரு கன்றை நட்டு, கிளை எந்தப் பக்கமும் நீள முடியாதபடி சுற்றிலும் அடைத்துவிட்டு, சில வருடம் கழித்துத் திறந்து பார்த்தால் எப்படிப்பட்ட மரம் இருக்கும்?" என்று கேட்கிறார் ஆன்செல்ம். கோணலும் முடிச்சுமாகத்தான் இருக்கும் என்கிறார் வந்தவர். "அது யார் தப்பு?"

பிசாசின் எலிப்பொறியைப் பார்த்துச் சிரிப்பது

ஆன்செல்முக்கு முன்பு பல நூற்றாண்டுகளாக வேறொரு விளக்கம் இருந்தது. மனிதர் பாவத்தால் பிசாசின் கைதிகள், கிறிஸ்து தம்மையே மீட்கும்பொருளாகக் கொடுத்து விடுவித்தார். நீசா ஊரின் கிரகோரி நான்காம் நூற்றாண்டில் தூண்டில் முள் உவமையைச் சொன்னார். மாம்சம் இரை, அதற்குள் மறைந்திருக்கும் தெய்வீகம் முள். அகுஸ்தீன், சிலுவை பிசாசுக்கு வைத்த எலிப்பொறி என்றார். நியூயார்க்கின் கிளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் 15ஆம் நூற்றாண்டுப் பீடச் சித்திரம் ஒன்று இருக்கிறது, மெரோட் பீடம் என்பார்கள். நடுவில் மரியாளுக்குத் தூதன் செய்தி சொல்லும் காட்சி. வலது பலகையில் யோசேப்பு தச்சுப்பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் செய்து வைத்திருப்பது எலிப்பொறிகள்!

பிசாசுக்கு மனிதர் மேல் நியாயமான உரிமை எதுவும் கிடையாது, அவனும் கடவுளின் ஓடிப்போன வேலைக்காரன்தான் என்று ஆன்செல்ம் மறுத்தார். அதோடு பழைய விளக்கம் ஒழிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அரை நூற்றாண்டு கழித்து, பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பாடநூலான தொகுப்பை எழுதிய பீட்டர் லொம்பார்டு அதே எலிப்பொறியைத் திரும்பச் சொல்கிறார். அடிமைத்தனத்தை அனுபவித்தவர்களுக்கு அந்தப் படம் இன்னும் பேசுகிறது. குடியிலிருந்து மீண்ட ஒருவரிடம் போய்ப் பரிகாரம், மேன்மை என்று பேசிப் பாருங்கள். "என்னைப் பிடிச்சிருந்தது விட்டுச்சு" என்பதுதான் அவர் சாட்சி.

அபெலார்டை 'அன்பு மட்டும்' சொன்னவராக்குவது

பீட்டர் அபெலார்ட் (1079–1142) ரோமர் நிருபத்துக்கு எழுதிய உரையில், ஒரு குற்றமற்றவரின் இரத்தத்தை எதற்காவது விலையாகக் கேட்பது எவ்வளவு கொடுமை, அதைப் பார்த்துக் கடவுள் உலகத்தோடு ஒப்புரவானார் என்பது எப்படி என்று கேட்கிறார். கிறிஸ்துவின் பாடுகள் நமக்குள் மூட்டும் ஆழமான அன்பே நம் மீட்பு என்று பதில் தருகிறார். இந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டுதான், "அவருக்குச் சிலுவை ஒரு நல்ல முன்மாதிரி, அவ்வளவுதான்" என்கிறோம். கிளேர்வோ மடத்தின் பெர்னார்டும் அப்படித்தான் குற்றம்சாட்டிப் போப்பாண்டவருக்குக் கடிதம் எழுதினார், சான்ஸ் நகரத்தில் கூடிய திருச்சபைச் சங்கம் அபெலார்டைக் கண்டித்தது. ஆனால் அதே ரோமர் உரையில், கிறிஸ்து நம் பாவத்தின் தண்டனையைச் சுமந்ததாகவும் அபெலார்ட் எழுதுகிறார். அன்பு என்று அவர் சொல்வதும் நாமாக உருகிக்கொள்வதை அல்ல, கடவுள் நமக்குள் ஊற்றுவதை.

மறுபக்கம், முன்மாதிரியை மறந்தவர் என்று குற்றம்சாட்டப்படும் ஆன்செல்ம், நீதிக்காக எதையும் தாங்கும் மாதிரியைக் கிறிஸ்து தம் மரணத்தில் நமக்குக் கொடுத்தார் என்கிறார். கிறிஸ்து ஈட்டிய பலனில் பங்கில்லாவிட்டால் அவரைப் பின்பற்றுவது வீண் என்றும் சேர்த்துச் சொல்கிறார். இரண்டும் அவரிடம் ஒன்றாகவே வருகின்றன.

பிசாசை வெல்வது, பரிகாரம், முன்மாதிரி என்று மூன்று கட்சியாகப் பிரித்து இவர்களை நிறுத்தும் பழக்கம் பெருமளவு 20ஆம் நூற்றாண்டினுடையது. ஸ்வீடன் நாட்டு இறையியலாளர் குஸ்தாஃப் ஔலேன் 1930 வாக்கில் அப்படிப் பிரித்தார், பாடம் நடத்த வசதியாக இருந்ததால் நிலைத்துவிட்டது. அக்குவினாஸை எந்தப் பெட்டியில் போடுவது? கிறிஸ்துவின் பாடுகள் நம்மை எப்படி மீட்கின்றன என்ற கேள்விக்கு அவர் கிறிஸ்து ஈட்டிய பலன், பரிகாரம், பலி, மீட்பு, அதோடு கடவுளின் வல்லமை செயல்படும் கருவி என்று ஐந்து பதில்களையும் வரிசையாகத் தருகிறார். எதையும் எதற்கும் எதிராக நிறுத்துவதில்லை. பரிகாரத்தைப் பற்றி அவர் சொல்லும் வரி என்னைக் கட்டிப்போட்டது: நோகடிக்கப்பட்டவர் அந்தக் குற்றத்தை எவ்வளவு வெறுத்தாரோ, அந்த அளவுக்கோ அதற்கும் மேலாகவோ அவர் நேசிக்கும் ஒன்றைக் கொடுப்பதே உண்மையான பரிகாரம். வலியின் மிகுதியையும் அவர் ஒரு காரணமாகச் சொல்கிறார், ஆனால் முதலில் வைப்பது அன்பை. எத்தனை கசையடி, எவ்வளவு இரத்தம் என்று எண்ணிக் காட்டும் பெரிய வெள்ளிப் பிரசங்கங்கள் இந்த இடத்தில்தான் வழிதவறுகின்றன.

சிலுவை இல்லாமல் கடவுளால் மன்னிக்கவே முடியாதா என்ற கேள்வியிலும் அக்குவினாஸ் ஆன்செல்மைவிட நிதானமானவர். பரிகாரமே இல்லாமல் விடுவிக்கக் கடவுள் நினைத்திருந்தாலும் அது அநீதி ஆகாது என்கிறார். மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பதுதான் அவர் வாதம். என் மனமும் இங்கே அக்குவினாஸ் பக்கம்தான்.

கொன்றவர்கள் மேல் பழியைப் போடுவது

இதைப் பேசாமல் விட முடியாது. ஆன்செல்ம் தன் நூலை எழுதத் தொடங்கிய அதே ஆண்டுகளில், 1096இல், முதல் சிலுவைப்போருக்குக் கிளம்பிய கூட்டங்கள் ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. கிறிஸ்துவைக் கொன்றவர்களைப் பழிவாங்குகிறோம் என்றார்கள். நூலின் இரண்டாம் புத்தகத்தில் போசோ கேட்கிறார்: அவருடைய மரணம் அவரைக் கொன்றவர்களின் பாவத்தையுமா நீக்கும்? நீக்கும் என்கிறார் ஆன்செல்ம். கடவுள் என்று தெரிந்துகொண்டே யாரும் அவரைக் கொல்ல நினைத்திருக்க முடியாது. அறியாமல் செய்தார்கள், அதனால் அதுவும் மன்னிக்கப்படக்கூடியதே. "இவர்களுக்கு மன்னியும்" என்று சிலுவையிலிருந்தே வந்த வார்த்தையைப் பெரிய வெள்ளியன்று பல சபைகளில் முதல் திருவசனமாகத் தியானிக்கிறோம். அதே மேடையில் அடுத்த அரைமணி நேரத்தில் "யூதர்கள்" என்று பொத்தாம்பொதுவாகத் திட்டுவதும் நடக்கிறது. ஒரு மக்களினத்தின் மேல் பழியைப் போடும்போது, நாம் சிலுவைக்கு முன்னால் நிற்கும் இடத்தை விட்டு நீதிபதியின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறோம்.

ஆன்செல்மிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவருடைய வாதத்தில் உயிர்த்தெழுதலுக்கு அநேகமாக இடமே இல்லை. "நாம் நீதிமான்களாக்கப்படுவதற்காக எழுப்பப்பட்டும்" என்று ரோமர் 4:25 சொல்வதை அவர் நூலோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். பாவத்தில் விழுந்த தேவதூதர்களின் எண்ணிக்கையை மனிதரைக் கொண்டு நிரப்புவது பற்றி அவர் நீட்டி எழுதும் அதிகாரங்களை முதல் வாசிப்பில் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், இரண்டாம் புத்தகத்தின் 20ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள் என்பேன். சின்ன அதிகாரம். தன்னை மீட்டுக்கொள்ள ஒன்றுமே இல்லாத பாவியிடம் பிதா, "என் ஒரே குமாரனை எடுத்து உனக்காகக் கொடு" என்கிறார். குமாரன், "என்னை எடுத்து உன்னை மீட்டுக்கொள்" என்கிறார். இதைவிட இரக்கம் என்ன இருக்க முடியும் என்று கேட்கிறார் ஆன்செல்ம். அதன்பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனால், அந்தக் கடுமையான பக்கங்கள் எதை நோக்கிப் போகின்றன என்று தெரிந்தே வாசிக்கலாம்.

அந்த நூலை முடித்தபின் அவர் அதே பொருளை ஒரு தியானமாகவும் எழுதினார். அதில் போசோ இல்லை, வாதம் இல்லை, தன் ஆத்துமாவோடுதான் பேசுகிறார். மீட்பரின் நன்மையை ருசித்துப் பார், அவர் வார்த்தைகளைத் தேன்கூட்டைப் போல மென்று சாப்பிடு என்கிறார். நடுவில் ஒரு வாக்கியம் வரும். மனிதரை இந்த வழியில் இரட்சிக்க வேண்டிய தேவை கடவுளுக்கு இருக்கவில்லை, இந்த வழியில் கடவுளுக்கு ஈடுசெய்ய வேண்டிய தேவை மனித இயல்புக்குத்தான் இருந்தது. அந்தத் தியானத்தைச் சில வருடங்களாக, ஈஸ்டருக்கு முந்திய நோன்புக்காலமான லெந்து நாட்களில் தினம் ஒரு பத்தியாக வாசித்து வருகிறேன். சத்தமாக வாசித்தால் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அளவுதான். இன்னும் ஒருமுறைகூட வேகமாக வாசிக்க முடிந்ததில்லை.